சக்கரம் சுழன்றதும் ரோபோ ரீசெட் ஆகிறதா? பிழையைப் பிடிக்கத் தொடங்கும் இடம்

மேஜை மேல் தூக்கிப் பிடித்தபோது ஒழுங்காகச் சுழன்ற சக்கரம், தரையில் இறக்கியதும் ஓரடி போய் நின்றுவிடுகிறது. திரும்பச் சொன்னால் ரோபோ தூங்கி எழுந்த மாதிரி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. சில நேரம் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலையில் பெரும்பாலான மாணவர்கள் கை வைப்பது இரண்டே இடத்தில்தான்: புரோகிராமில், இல்லாவிட்டால் மோட்டாருக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் டிரைவர் போர்டில். பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடுக்கு ஒரு நடை, இன்னொரு எல்298என் டிரைவர், அதை மாட்டியதும் பழையபடி அதே கோளாறு.

கோளாறு பெரும்பாலும் கரண்ட் போகும் பாதையில் இருக்கும்: பேட்டரி, ஒயர், இணைப்பு, கிரவுண்ட். அங்கே பார்த்து முடிக்கும் வரை புரோகிராமைத் தொட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி ரோபோ சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. போட்டி அன்று அது திரும்ப வரும்போதும் தெரியாது.

முதலில் ரோபோவை மேஜையில் கட்டுங்கள்

இரண்டு புத்தகத்தின் மேல் சேசிஸை வைத்து, சக்கரம் நான்கும் காற்றில் தொங்கும்படி நிறுத்துங்கள். பேட்டரியின் பிளஸ் ஒயரில் ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டும். கார்களில் வரும் பிளேடு ஃப்யூஸே போதும். பழுப்பு நிறம் 7.5 ஆம்பியர், சிவப்பு 10 ஆம்பியர். எஸ்.பி. ரோடில் தேடி அலைய வேண்டாம், பக்கத்திலேயே ஜே.சி. ரோடில் வண்டி உதிரிபாகக் கடைகளில் ஒயரோடு சேர்ந்த ஃப்யூஸ் ஹோல்டர் கிடைக்கும். அங்கேயே பைக் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்பும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த பல்ப் எதற்கு? வீட்டு ஒயரிங் வேலை செய்பவர்கள் சீரீஸ் லேம்ப் போட்டு ஷார்ட் பார்ப்பார்களே, அதே வேலைக்கு. புதிதாக ஒயரிங் செய்த ரோபோவுக்கு முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது, ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் இந்த பல்பைத் தொடராக மாட்டுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும். சர்க்யூட்டில் ஒரு ஆம்பியர்கூடப் போகாது, போர்டு பிழைக்கும். பல்ப் எரியாமலோ மங்கலாகவோ இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஃப்யூஸைப் போடலாம். மூன்று செல் லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயர் தோல் உருகுவதற்குச் சில நொடியே போதும். அதனால் இந்தப் படியை யாரும் தாண்ட வேண்டாம்.

மற்றபடி தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டர், இரண்டு எல்.இ.டி., 220 அல்லது 330 ஓம் ரெசிஸ்டர் இரண்டு. கல்லூரி லேபில் ஆசிலோஸ்கோப் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வேலை நிற்காது.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

மோட்டார் கோளாறு செய்யும் அந்த நொடியில் கண்ட்ரோலர் (ரோபோவின் மூளையான ஆர்டுயினோ ஊனோ, ஈஎஸ்பி32 போன்ற போர்டு) ரீசெட் ஆகிறதா, இல்லை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் காரணமும் வேறு, மருந்தும் வேறு.

இதைக் கண்டுபிடிக்க, சும்மா இருக்கும் ஒரு பின்னில் எல்.இ.டி. ஒன்றை மாட்டி, புரோகிராமில் ஆன் ஆனதும் ஒரே முறை ஓடும் செட்அப் பகுதியின் முதல் வரியிலேயே அது ஐந்து முறை மெதுவாக மின்னும்படி எழுதுங்கள். அதன்பின் திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதியில் அது வேறு தாளத்தில், அரை நொடிக்கு ஒருமுறை மாறி மாறி எரியட்டும். ஓட்டத்தின் நடுவில் ஐந்து மின்னல் தெரிந்தால் ரீசெட். தாளம் அப்படியே நின்றுபோனால் ஹேங், அதாவது புரோகிராம் உறைந்துவிட்டது. தாளம் கெடாமல் மோட்டார் மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடினால் கோளாறு டிரைவர் பக்கம். எல்லாமே அணைந்துபோய், பேட்டரியைக் கழற்றி மாட்டும் வரை உயிர் வரவில்லையா? அது பேட்டரியோடு வரும் பாதுகாப்பு போர்டு அதிகக் கரண்டைப் பார்த்து லைனை வெட்டிவிட்டதன் அடையாளம். அந்த போர்டின் ஆம்பியர் அளவு உங்கள் மோட்டார்களுக்குப் போதவில்லை.

ஈஎஸ்பி32 வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ரீசெட் ஆனதன் காரணத்தை அதுவே லேப்டாப்பின் சீரியல் மானிட்டரில் எழுதும். 'பிரவுன்அவுட் டிடெக்டர்' என்ற வார்த்தை அங்கே வந்தால் வோல்டேஜ் விழுந்திருக்கிறது என்று பொருள். அந்த டிடெக்டரையே அணைத்துவிடும் ஒரு வரியை நெட்டில் ஆளாளுக்குப் பகிர்கிறார்கள். அதைப் போடாதீர்கள். புகை வருகிறதென்று அலாரத்தின் ஒயரை வெட்டுவதும் அதுவும் ஒன்றே.

லேப்டாப் மாட்டினால் மட்டும் சரியாக ஓடுகிறதே?

இந்தக் குழப்பத்தில் சிக்காத அணி அபூர்வம். யுஎஸ்பி ஒயர் மாட்டியிருக்கும்போது ரோபோ நன்றாக இருக்கும், கழற்றியதும் கெடும். காரணம் இரண்டில் ஒன்று.

ஊனோ போர்டு தனக்கு வரும் பேட்டரி வோல்டேஜ் 6.6-க்கு மேல் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் யுஎஸ்பியிலிருந்து எடுக்கும். அதாவது பேட்டரி சரியும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் லேப்டாப் கைகொடுத்துவிடுகிறது, கோளாறு மறைந்துவிடுகிறது. இரண்டாவது காரணம் கிரவுண்ட். டிரைவரின் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் நேராக இணைக்கப்படாமல் இருந்து, சார்ஜர் வழியாகவோ இன்னொரு போர்டு வழியாகவோ லேப்டாப் அவற்றை இணைத்துக்கொண்டிருக்கலாம். அதனால் உருப்படியான சோதனை எல்லாம் யுஎஸ்பி கழற்றிய நிலையில்தான் நடக்க வேண்டும். தகவல் பார்க்க எல்.இ.டி. போதும், வேண்டுமானால் ப்ளூடூத் மாட்யூல்.

ரீசெட் ஆகிறது என்றால்: கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்

நின்றுகொண்டிருக்கும் டிசி மோட்டார் வெறும் செம்புக் கம்பிச்சுருள்தான். சுழலத் தொடங்கிய பிறகுதான் அது எதிர் வோல்டேஜ் உண்டாக்கித் தன் கரண்டைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே கிளம்பும் அந்த முதல் கணத்தில் இழுக்கும் கரண்ட், சக்கரத்தைக் கையால் இறுகப் பிடித்திருக்கும்போது இழுக்கும் கரண்டுக்குச் சமம். மோட்டார் டெர்மினலில் ஒயரைக் கழற்றிவிட்டு ஓம் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஐந்தாறு தடவை அளந்து, கிடைத்ததில் மிகச் சிறிய எண்ணை எடுங்கள். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடும்போது காட்டும் ஓமை அதிலிருந்து கழித்துவிடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு ஜான்சன் கியர் மோட்டார் 2 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். இரண்டு மோட்டார் சேர்ந்து கிளம்பினால் பேட்டரிக்குத் தெரிவது 1 ஓம். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த 18650 செல் இரண்டு, ஸ்ப்ரிங் வைத்த பிளாஸ்டிக் ஹோல்டர், மெல்லிய ஒயர், ஒரு சின்ன ஸ்விட்ச். இவற்றின் உள்தடை எல்லாம் சேர்ந்து 0.4 ஓம் ஆவது சர்வ சாதாரணம். 7.4 வோல்டை 1.4 ஓமால் வகுத்தால் 5.3 ஆம்பியர். அந்த 0.4 ஓமிலேயே 2.1 வோல்ட் போய்விடுகிறது. ஊனோவின் வட்ட ஜாக்கில் வந்து சேர்வது 5.3 வோல்ட். அதற்குள் இருக்கும் டயோடும் ரெகுலேட்டரும் சேர்ந்து இன்னும் 2 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். சிப்புக்குக் கடைசியில் கிடைப்பது 3.3 வோல்ட் சுமார்.

இந்த 3.3 மிகவும் வில்லங்கமான எண். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328 சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓட 3.8 வோல்டாவது வேண்டும். ஆனால் வோல்டேஜ் விழுந்தால் ரீசெட் செய்யும் உள் காவல், ஊனோவோடு வரும் அமைப்பில் 2.7 வோல்டில்தான் விழித்துக்கொள்ளும். இடைப்பட்ட பகுதியில் சிப் ரீசெட்டும் ஆகாது, சரியாகவும் ஓடாது. மாறிகளில் குப்பை எண், பாதியில் தாவும் புரோகிராம், காரணமே தெரியாமல் முழு வேகம் எடுக்கும் ஒரு சக்கரம். 'புரோகிராமில் ஏதோ பிழை' என்று இரவு முழுக்க உட்காருவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

வோல்டேஜ் விழுவதை மல்டிமீட்டர் காட்டாது. விழுந்து எழுவது சில பத்து மில்லிசெகண்டில் முடிந்துவிடும். மீட்டர் நிதானமாகச் சராசரி பார்த்து '5.01' என்று காட்டிக்கொண்டிருக்கும். ஏடிமெகா சிப் தன்னுள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை வைத்துத் தன் சப்ளை வோல்டேஜைத் தானே அளக்கும். அதற்கான சிறு ஃபங்ஷன் எங்கும் கிடைக்கும். அந்த 1.1 சிப்புக்கு சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும், எனவே ஒருமுறை மீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். லூப் ஒவ்வொரு சுற்றிலும் அளந்து, 4.5-க்குக் கீழே ஒருமுறை போனாலும் இரண்டாவது எல்.இ.டி. எரிந்து அப்படியே நிற்கும்படி எழுதுங்கள். வேகத்தை 30 சதவீதம், 50, 70 என்று ஏற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் விளக்கு எரிகிறது என்று தெரிந்துவிடும். இனி நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் பலனையும் இந்த விளக்கே சொல்லும்.

ஓமைத் தேடி வேட்டை

மீட்டரை டிசி வோல்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் பிளஸ் முனையில், இன்னொன்று டிரைவரின் பிளஸ் ஸ்க்ரூவில். சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு இரண்டு நொடி மட்டும் முழு வேகம் கொடுங்கள்; அதற்கு மேல் பிடித்தால் மோட்டாரும் டிரைவரும் சுடும். மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் வீணாகும் வோல்டேஜ். 0.2-க்குள் இருந்தால் பரவாயில்லை. 0.8 என்று காட்டினால் பாதையைப் பாதியாக வெட்டுங்கள்: பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வரை எவ்வளவு, ஸ்விட்சிலிருந்து டிரைவர் வரை எவ்வளவு. நாலு அளவில் குற்றவாளி அகப்படுவான். மைனஸ் பக்கமும் இதையே செய்யுங்கள். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அகப்படுவது வழக்கமாக யார் யார் என்றால், முதலாவது ஜம்பர் ஒயர். அதன் உள்ளே இருப்பது முடி மாதிரி சில இழைகள். நல்ல செம்பாக இருந்தாலே ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.2 ஓம் வரும், மலிவான ரகத்தில் உள்ளே இரும்பு இருக்கும். காந்தத்தைக் காட்டிப் பாருங்கள், ஒட்டினால் அதைச் சிக்னலுக்கு மட்டும் வையுங்கள். பேட்டரியிலிருந்து டிரைவருக்கும் டிரைவரிலிருந்து மோட்டாருக்கும் 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்.எம். பல இழைச் செம்பு ஒயர், எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள். இரண்டாவது பிரெட்போர்டு. மோட்டார் கரண்ட் அதன் வழியாகப் போகவே கூடாது, அந்தக் கிளிப்புகள் ஒரு ஆம்பியருக்கு மேல் தாங்காது. பழுப்பேறிய, லேசாக உருகிய ஓட்டைகளைப் பார்த்தால் கரண்ட் எந்த வழியாகப் போனது என்று புரியும்.

மூன்றாவது ஆள், அக்கறையாக வேலை செய்பவர்களிடம்தான் வருவான். ஸ்க்ரூ டெர்மினலில் மாட்டும் முன் ஒயர் நுனிக்கு சால்டர் வைத்து வழவழப்பாக்கி மாட்டுவது. பார்க்க அழகு. ஆனால் ஈயம் மெத்தென்றது. ஸ்க்ரூ அழுத்தத்தில் நாளாவட்டத்தில் நசுங்கி விலகும். இரண்டு நாளில் ஸ்க்ரூ தளர்ந்து, சேசிஸ் அதிரும்போதெல்லாம் தொட்டும் தொடாமலும் நிற்கும். கழற்றிப் பார்த்தால் ஈயத்தின் மேல் ஸ்க்ரூ பதிந்த பள்ளமும் அதைச் சுற்றி ஒரு கரும்புள்ளியும் இருக்கும்; தீப்பொறி பறந்த இடம் அது. வெறும் செம்பு இழைகளை முறுக்கி மாட்டி இறுக்குங்கள், அல்லது ஃபெரூல் (நுனிக்கு மாட்டும் சின்ன உலோகக் குழாய்) போட்டு அழுத்துங்கள். பிறகு ஒயரைப் பிடித்து ஒரு இழு. வந்துவிட்டால் நல்லதாயிற்று, மேஜையிலேயே வந்தது.

மூளைக்குத் தனிக் கிளை

ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து சர்வோவுக்கு (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) கரண்ட் கொடுக்காதீர்கள். சின்ன எஸ்ஜி90-யே அடைபட்டு நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், எம்ஜி996ஆர் 2.5 ஆம்பியர் போகும். 9 வோல்ட் சதுர பேட்டரியை மோட்டாருக்கு மாட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம், அது புகை அலாரத்துக்கும் மீட்டருக்கும் செய்த பேட்டரி.

நிலையான அமைப்பு இப்படி இருக்கட்டும். மூன்று செல் பேட்டரி, 11.1 வோல்ட். பேட்டரி முனையிலிருந்தே இரண்டு கிளை பிரிய வேண்டும். ஒன்று நேராக டிரைவருக்கு. இன்னொன்று, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்5822 ஷாட்கி டயோடு ஒன்றின் வழியாக எல்எம்2596 பக் மாட்யூலுக்கு (வோல்டேஜைக் குறைத்துத் தரும் போர்டு). டயோடுக்கு அடுத்து, பக்கின் வாயிலில் 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர். மோட்டார் கிளம்பிப் பேட்டரி வோல்டேஜ் சரியும்போது டயோடு மூடிக்கொள்ளும். கெப்பாசிட்டரில் உள்ள சார்ஜை மோட்டார் திருட முடியாது. மூளைப் பக்கம் 5 வோல்டில் 150 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்றால், பேட்டரியே இல்லாத 50 மில்லிசெகண்டில்கூட அந்த கெப்பாசிட்டர் 2 வோல்ட்தான் இறங்கும். பக்குக்கு அது பொருட்டே இல்லை. சர்வோவுக்கு இன்னொரு பக் மாட்யூல் தனியாக வையுங்கள்.

எல்எம்2596 புதிதாக வரும்போது எத்தனை வோல்டில் திருகி வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வெளியே எதையும் மாட்டாமல் முதலில் 5.0 அல்லது 5.1-க்குத் திருகிய பிறகே ஊனோவின் 5 வோல்ட் பின்னில் கொடுங்கள். புரோகிராம் ஏற்ற யுஎஸ்பி மாட்டும்போது பக்கின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இரண்டு சப்ளை ஒன்றோடொன்று மல்லுக்கட்ட விடக்கூடாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். 'டிரைவர் பக்கத்தில் பெரிய கெப்பாசிட்டர் போட்டால் வோல்டேஜ் விழாது' என்பார்கள். 10 ஆம்பியர் இழுத்தால் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒரே மில்லிசெகண்டில் 10 வோல்ட் இறங்கிவிடும். மோட்டார் கிளம்பும் 50, 100 மில்லிசெகண்டை அது தாங்காது. ஆனாலும் அதைப் போட வேண்டும், வேறு காரணத்துக்காக: பிடபிள்யூஎம் (வேகத்தைக் கட்டுப்படுத்தக் கரண்டை வேகவேகமாக ஆன், ஆஃப் செய்யும் முறை) ஒவ்வொரு முறை வெட்டும்போதும் ஒயரின் இண்டக்டன்ஸால் எழும் கூர்முனைகளை அது விழுங்கும். அதனால் டிரைவரின் ஸ்க்ரூவுக்கு 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கூடவே ஒரு 104 செராமிக். ஒரு அடி ஒயர் தள்ளி வைத்தால் இருந்தும் இல்லாதது போல்தான். அந்த எலக்ட்ரோலிட்டிக்கைத் தவறிப்போய் மோட்டார் டெர்மினல்களுக்கு இடையில் மாட்டிவிடாதீர்கள். மோட்டார் பின்னோக்கிச் சுற்றும்போது முனை மாறி வெடிக்கும்.

கிளம்பும் கரண்டைக் குறைக்கும் உண்மையான மருந்து புரோகிராமில் இருக்கிறது, இப்போது அதைத் தொடலாம். வேகத்தை 0-விலிருந்து 255-க்கு ஒரே தாவலில் கொடுக்காமல் 5 மில்லிசெகண்டுக்கு 5 என்று ஏற்றுங்கள். கால் நொடியில் முழு வேகம் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. திசை மாற்றும்போது இது இன்னும் முக்கியம். முழு வேகத்தில் ஓடும் மோட்டாரைச் சடாரென்று பின்னோக்கித் திருப்பினால் அதன் எதிர் வோல்டேஜும் பேட்டரி வோல்டேஜும் கூடி, கிளம்பும் கரண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு போகும். கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் லைன் ஃபாலோவர் ரோபோக்கள் வளைவில் மட்டும் ரீசெட் ஆவது இதனால்தான். இறக்கி, பூஜ்யத்தில் நிறுத்தி, பிறகு மறுபக்கம் ஏற்றுங்கள்.

கண்ட்ரோலர் ஓடுகிறது, மோட்டார்தான் கேட்கவில்லை

ரோபோவை ஆன் செய்ததும் ஒரு நொடி சக்கரம் உதறுகிறதா? ரீசெட்டின்போதும் பூட்லோடர் (புரோகிராமுக்கு முன் ஓடும் தொடக்க நிரல்) ஓடும்போதும் பின்கள் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். டிரைவர் அதைத் தன் இஷ்டத்துக்குப் படித்துக்கொள்ளும். டிரைவரின் எனேபிள் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் தீர்ந்தது. ஈஎஸ்பி32-இல் 0, 2, 12, 15 ஆகிய பின்களை மோட்டாருக்கு எடுக்காதீர்கள், பூட் ஆகும்போது அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும்தான்; அவற்றில் பிடபிள்யூஎம் வரவே வராது.

சர்வோ சேர்த்ததும் ஒரு மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு போய்விட்டதா? ஊனோவில் சர்வோ லைப்ரரி டைமர் 1-ஐ எடுத்துக்கொள்ளும், 9, 10 இரண்டிலும் பிடபிள்யூஎம் செத்துவிடும். மோட்டாரை 5, 6-க்கு மாற்றுங்கள். டோன் ஃபங்ஷன் 3, 11-ஐக் கெடுக்கும். ஹார்டுவேர் கோளாறு என்று நினைத்து டிரைவரை மாற்ற வைக்கும் புரோகிராம் கோளாறுகளில் இது முதலிடம்.

கிரவுண்ட் விஷயத்தில், 'காமன் பண்ணியாச்சு' என்பதோடு விட்டுவிடாதீர்கள். எந்த வழியாக காமன்? மோட்டாரின் திரும்பும் கரண்ட் ஊனோவின் கிரவுண்ட் ஒயர் வழியாகப் போனால், அந்த ஒயரில் விழும் வோல்டேஜ் அளவுக்கு ஊனோவின் பூஜ்யமே மேலே எழும்பிவிடும். மோட்டார் அடைபட்டிருக்கும்போது ஊனோவின் கிரவுண்ட் பின்னுக்கும் டிரைவரின் கிரவுண்ட் ஸ்க்ரூவுக்கும் இடையில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்டுக்குள் என்றால் நிம்மதி. 300 காட்டினால் சென்சார் எதுவும் உண்மை பேசாது. டிரைவர், பக், சர்வோ எல்லாவற்றின் மைனஸும் தனித்தனி ஒயராகப் பேட்டரி மைனஸில் ஒரே புள்ளியில் சேரட்டும்.

டிரைவருக்கே உரிய குணங்களும் உண்டு. எல்298என் பழைய பைபோலார் சிப். ஒரு ஆம்பியரிலேயே 2 வோல்ட் அளவுக்குத் தனக்கு எடுத்துக்கொண்டு சூடாக்கிவிடும், 2 ஆம்பியரில் நிலைமை இன்னும் மோசம். மூன்று நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஒரு பக்கம் சோர்ந்து, ஆறவிட்டால் திரும்ப ஓடினால் ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாவிட்டால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் பிஓ மோட்டார்களுக்கு டிபி6612 டிரைவர் போதும். அதன் எஸ்டிபிஒய் பின்னை ஹையில் வைக்க மறந்தால் சிப் அசையாது. ஜான்சன் மோட்டார் என்றால் பிடிஎஸ்7960 உள்ள ஐபிடி-2 போர்டு. அதில் இரண்டு எனேபிள் பின்களும் ஹையில் இருக்க வேண்டும். ஈஎஸ்பி32-ஓடு இணைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த போர்டில் உள்ள 74எச்சி244 பஃபர் சிப்புக்கு 5 வோல்ட் கொடுத்தால், ஒரு சிக்னலை ஹை என்று ஏற்க அதற்கு 3.5 வோல்ட் வேண்டும். ஈஎஸ்பி32 தருவதோ 3.3. ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. போர்டின் விசிசி பின்னுக்கு 3.3 கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

சென்சார் குழம்புகிறது, எல்லாம் உறைகிறது

தாளம் போடும் எல்.இ.டி. அப்படியே நின்றுவிட்டது, ஆனால் மோட்டார் கடைசியாகக் கிடைத்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எம்பியு6050 (சாய்வையும் சுழற்சியையும் அளக்கும் சென்சார்) மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். மோட்டார் பிரஷ்ஷிலிருந்து வரும் இரைச்சல் சென்சார் பேசும் ஐ2சி லைனில் ஒரு துடிப்பைக் கெடுத்தால், அந்த லைனைக் கவனிக்கும் ஆர்டுயினோவின் வயர் லைப்ரரி வராத பதிலுக்காகக் காலமெல்லாம் காத்திருக்கும். புதிய பதிப்புகளில் டைம்அவுட் வைக்கும் வசதி இருக்கிறது, வைத்துவிடுங்கள். ஆனால் அது முதலுதவிதான். இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே கொல்ல வேண்டும்.

கடையில் 'ஒன் நாட் ஃபோர் டிஸ்க்' என்று கேட்டால் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் தருவார்கள். மோட்டாருக்கு மூன்று. ஒன்று இரு டெர்மினலுக்கும் நடுவில்; மற்ற இரண்டும் ஒவ்வொரு டெர்மினலிலிருந்து மோட்டாரின் இரும்பு உடலுக்கு. உடலில் சால்டர் ஒட்டாது, முதலில் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, நல்ல சூடான அயர்னால் சட்டென்று வைத்து எடுங்கள். நேரம் எடுத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகும். கால்களை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டுங்கள். இந்த செராமிக் கெப்பாசிட்டர் டிரைவர் பக்கம் இருந்து பயனில்லை, மோட்டார் மேலேயே உட்கார வேண்டும். மோட்டாரின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோங்கள். ஐ2சி ஒயர் 20 சென்டிமீட்டருக்குள், மோட்டார் ஒயரிலிருந்து விலகி.

என்கோடர் (சுழற்சியைத் துடிப்புகளாகத் தரும் சென்சார்) எண்ணிக்கை சக்கரம் நிற்கும்போதும் ஏறினால், லைனை 5 வோல்டோடு இழுத்துப் பிடிக்கும் 4.7 கிலோ ஓம் புல்அப் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை திடீரென்று 256 தாவினால் அது இரைச்சல் இல்லை. 8 பிட் சிப் ஒரு பெரிய எண்ணைத் துண்டு துண்டாகப் படிக்கும்போது நடுவில் இண்டரப்ட் (ஓடும் புரோகிராமை இடைமறித்து ஓடும் துண்டு நிரல்) புகுந்த வேலை அது. படிக்கும் அந்த வரிக்கு மட்டும் இண்டரப்டை நிறுத்திப் பிறகு திறந்துவிடுங்கள். மாறியை வோலட்டைல் என்று அறிவிக்கவும் மறக்க வேண்டாம்.

சக்கரம் தள்ளாடுகிறது என்றால்

இதுவரை சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் வேகம் ஏறி இறங்கினால்தான் பிஐடி (வேகத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கணக்கு) பற்றி யோசிக்க வேண்டும். அதிலும் எண்களைத் திருகுவதற்கு முன் அளவைப் பாருங்கள். மோட்டார் சுற்றுக்கு 11 துடிப்பு, கியர் 30 என்றால் சக்கரம் ஒரு சுற்றுக்கு 330. நிமிடத்துக்கு 60 சுற்றில், 10 மில்லிசெகண்ட் இடைவெளியில் கிடைப்பது மூன்று துடிப்பு, சில நேரம் நான்கு. வேகம் மாறாமலே அளவு 30 சதவீதம் குதிக்கிறது. பாவம் பிஐடி என்ன செய்யும், குதிப்பதைத் துரத்தும். இரண்டு சேனலிலும் ஏற்றம் இறக்கம் எல்லாவற்றையும் எண்ணினால் நான்கு மடங்கு கிடைக்கும். அல்லது இடைவெளியை 40, 50 மில்லிசெகண்ட் ஆக்குங்கள். பிஐடியின் மூன்று எண்களில் டி-யைப் பூஜ்யமாக்கி, பி மட்டும் வைத்துத் தொடங்குங்கள்.

தரையில் இறக்கும் முன்

முழுச் சார்ஜில் ஒருமுறை, செல்லுக்கு 3.5 வோல்ட் இருக்கும்போது ஒருமுறை, இரண்டிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். முழு வேகம், சட்டென்று பின்னோக்கி, இரண்டு நொடி அடைப்பு, மறுபடி ஓட்டம், இப்படிப் பத்துத் தடவை. ஓடும்போது ஒரு மரப் பென்சிலால் ஒவ்வொரு ஒயரையும் மெல்லத் தட்டுங்கள். தட்டும்போது ஐந்து மின்னல் வந்தால் அந்த ஒயர்தான். சுமையோடு செல் 3.3 வோல்டுக்கு வந்ததும் நிறுத்திச் சார்ஜ் போடுங்கள், 3.0-க்குக் கீழே ஓட்டிய செல்லை நம்ப முடியாது. பிஎம்டிசி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோன ரோபோவின் ஸ்க்ரூக்களை இறங்கியதும் ஒரு சுற்று இறுக்குங்கள்.

போட்டி அரங்கில் மட்டும் ரோபோ தானாகத் திரும்புகிறது, விட்டுவிட்டு நிற்கிறது என்றால் மீட்டரை எடுப்பதற்கு முன் ப்ளூடூத்தைப் பாருங்கள். எச்சி-05 ப்ளூடூத் மாட்யூல் எல்லாம் ஒரே பெயரோடும் 1234 என்ற ஒரே கடவு எண்ணோடும்தான் கடையிலிருந்து வருகின்றன. அரங்கில் பத்து அணிகள் அதையே வைத்திருந்தால் உங்கள் ரோபோவோடு இணைந்திருப்பது யாருடைய போன் என்று யாருக்குத் தெரியும்? பெயரையும் எண்ணையும் முந்தைய நாளே மாற்றுங்கள். 300 மில்லிசெகண்டுக்குக் கட்டளை எதுவும் வராவிட்டால் இரண்டு மோட்டாரும் நிற்கும்படி ஒரு வரியும் எழுதிவிடுங்கள்.